இருபதாம் திகதிக் காசு

கனடா அரசாங்கம் பிள்ளைகளை வளர்க்கத் தரும் காசுக்கு எங்கள் வீட்டில் பெயர் ‘பிள்ளைக் காசு’. ஸ்காபரோவில் இன்னும் பலர் ‘சைல்ட் டாக்ஸ்’ என்கிறார்கள். 2016 யூலையில் பழைய கொடுப்பனவுகளை எடுத்துவிட்டுக் ‘கனடா சைல்ட் பெனிபிற்’ என்று ஒன்றாக்கினார்கள். எங்கள் ஆட்களின் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. மாதாமாதம் 20ஆம் திகதியை ஒட்டி வங்கியில் விழும். அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போதே கைபேசியில் கணக்கைப் பார்க்காத தாய் எங்கள் தொடர்மாடியில் இருப்பாளென்று நான் நம்பவில்லை.

நான் 2004இல் கலியாணம் கட்டி இங்கு வந்தேன். மகள் 2006, மகன் 2012. இத்தனை வருடக் காசும் எங்கே போனதென்று கேட்டால், பெரும்பங்கு வாடகைக்குப் போனது. “பிள்ளையின்ரை காசைப் பிள்ளைக்குத்தான் செலவழிக்க வேணும்” என்று உபதேசிப்பவர்கள் உண்டு. ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யாத பேஸ்மென்றிலிருந்து, சூரியன் தெரிகிற இரண்டறை வீட்டுக்கு நாங்கள் மாறியபோது வாடகை வித்தியாசத்தைக் கட்டியது இந்தக் காசுதான். மகனின் இருமல் அந்த வருடம் நின்றது. இதைவிட வேறென்ன பிள்ளைச் செலவு? அரசாங்கமும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுக்க இதைச் சேர்த்த வீடுகளும் இருக்கின்றன. அதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன், மச்சாள் இதை வாசிப்பாள்.

நாங்கள் பிழைவிட்டது செலவில் அல்ல, கணக்கில். 2017 யூலை 20, பின்னேரம் கீழ்வீட்டுத் தங்கச்சி லிஃப்டில் கேட்டாள்: “அக்கா, எனக்கு விழுந்திட்டுது, உங்களுக்கு?” எனக்கு விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. வரி அலுவலகத்துக்கு எடுத்து, தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்டபிறகு பதில் கிடைத்தது. என்னுடைய வரிப் பத்திரம் வந்திருக்கிறது, கணவருடையது வரவில்லை. இவர் ரக்சி ஓடிக்கொண்டிருந்தார். சுயதொழில்காரருக்கு யூன் 15 வரை நேரமிருக்கிறது என்று ஆரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் பிள்ளைக் காசின் புதிய கணக்கு யூலையில் தொடங்குகிறது, பத்திரத்தைப் பார்த்து முடிக்கவும் அவர்களுக்குக் கிழமைகள் வேண்டும். இவரோ யூன் 15ஐயும் விட்டுவிட்டார். எரிபொருள் பற்றுச்சீட்டுகள் எல்லாம் காரின் பின்சீற்றில், மீன் வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தன. ஒவ்வொன்றாக விரித்து, மங்கிப்போன எழுத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.

காசு செப்ரெம்பரில் நிலுவையோடு வந்தது. ஆனால் இரண்டு மாத வாடகைக்குக் கிரெடிற் கார்டில் எடுத்த காசின் வட்டியை அந்த நிலுவை கட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருவரின் வரிப் பத்திரத்துக்கும் ஒரே திகதி ஏப்ரல் 30. வேலைக்கே போகாத, ஒரு சதமும் உழைக்காத மனைவியும் பத்திரம் போடவேண்டும். குடும்ப வருமானம் இரண்டு பேருடையதையும் கூட்டித்தான் பார்க்கப்படுகிறது. சேர்ந்தாலும், பிரிந்து 90 நாள் கடந்தாலும், அடுத்த மாத முடிவுக்குள் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்ட ஒரு சிநேகிதி இரண்டு வருடக் காசைத் தவணையாகத் திருப்பிக் கட்டினாள்.

யூலை வந்தால் எங்கள் வாயில் வரும் இன்னொரு முறைப்பாடு, “அரசாங்கம் குறைச்சுப்போட்டுது” என்பது. பெரும்பாலும் குறைத்தது நாங்கள் செய்த ஓவர்டைம். 2025 யூலையிலிருந்து 2026 யூன் வரையான காசு 2024 வருமானத்தைப் பார்த்தே கணக்கிடப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 666 டொலர், அதற்கு மேல் 17 வயதுவரை 562 டொலர் என்பது உச்சத் தொகை. அந்தக் கணக்கில் குடும்ப வருமானம் 37,487 டொலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில், 81,222 டொலர் வரைக்கும், கூட உழைக்கும் ஒவ்வொரு 100 டொலருக்கும் வருடத்தில் 13.50 டொலர் போகும். இதற்குப் பயந்து ஓவர்டைமை மறுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது மடமை; மிச்சம் உங்கள் கையில்தானே. ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பியில் போடும் காசு வருமானக் கணக்கிலிருந்து கழிபடும் என்பதால், அங்கே போடும் 1,000 டொலர் இந்தப் பக்கம் 135 டொலரைத் திருப்பிக் கொண்டுவரும். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் தெரிந்துகொண்டபோது மகள் ஏழாம் வகுப்பு.

சீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். 2018 தொடக்கத்தில் மாதம் 400 டொலர்ச் சீட்டு ஒன்று சேர்ந்தேன். பிள்ளைக் காசு வருகிறதே என்ற தைரியம். அந்த வருடம் மகனுக்கு ஆறு வயது. ஆறு வயதானதும் தொகை இறங்கும். அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 84 டொலர், 2025 யூலைக் கணக்கில் 104. இவரின் வருமானமும் கொஞ்சம் ஏறியிருந்ததால் யூலையில் இன்னும் இறங்கியது. சீட்டுக்காரி அக்காவுக்கு இதெல்லாம் சொல்ல ஏலுமா? பருப்பும் சோறுமாக அந்தச் சீட்டை முடித்தேன். அதற்குப் பிறகு கார் லீஸ், தளபாடத் தவணை, சீட்டு எதையும் இந்தக் காசை நம்பிக் கட்டுவதில்லை.

நம்பிச் செய்வது சில உண்டு. ஒக்ரோபர்க் காசு முழுவதும் குளிர் உடுப்புக்கு. ஸ்னோ சூட் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, கைநுனியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் அடுத்த குளிருக்கும் ஓடும். தையலைப் பிரித்தால் போதும். மாதம் 50 டொலர், காசு விழுந்த அன்றே, தானாக ஆர்.ஈ.எஸ்.பிக்குப் போகிறது. பிள்ளையின் மேல்படிப்புக்கான அந்தக் கணக்கில் போடும் காசுக்கு, வருடம் 2,500 டொலர் வரை, அரசாங்கம் 20 வீதம் சேர்க்கும். என் 600 டொலருக்கு 120. பெரிய தொகை இல்லை. மகளுக்கு 12 வயதில்தான் தொடங்கினோம். 2024இல் அவளுக்கு 18 ஆகிப் பிள்ளைக் காசு நின்றது. அந்த வருடமே பல்கலைக்கழக முதல் தவணையின் ஒரு பகுதியை அந்தக் கணக்கு கட்டியது.

ஐம்பது டொலருக்கும் வழியில்லாத வீடுகள் இருக்கின்றன, நாங்களும் அப்படி இருந்தோம். அவர்களுக்கு ஒன்று. 2004இலோ பிறகோ பிறந்த பிள்ளைக்கு, குடும்ப வருமானம் குறைவாக இருந்த வருடங்களுக்கு, கனடா லேர்ணிங் பொண்ட் என்று அரசாங்கமே காசு போடும். முதலில் 500, பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 100, மொத்தம் 2,000 டொலர் வரை. நீங்கள் ஒரு சதமும் போடவேண்டியதில்லை. ஆனால் கணக்கைத் திறந்து கேட்டால்தான் வரும். கடந்துபோன வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். 18 ஆன பிள்ளை 21 வயதுக்கு முன் தானே கேட்கலாம். நாளைக்கு வங்கிப் பக்கம் போனால், உங்கள் பிள்ளையின் பெயரில் அது கேட்கப்படாமல் கிடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.