மஞ்சள் சட்டை அணியாத வீரர்

கேள்வி: பிரெஞ்சு சைக்கிள் பந்தயத்தில் ஐந்து முறை வென்ற ழாக் ஆங்கெட்டிலைவிட, ஒரு முறையும் வெல்லாத ரேமோன் பூலிடோரை அந்நாட்டு மக்கள் அதிகம் நேசித்தது ஏன்?

பதில்: 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில், ஒவ்வொரு நாளும் ஆன நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் மிகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கே மஞ்சள் சட்டை என்பது விதியாகையால், ஒரு கணத்தின் கவனக்குறைவும் மூன்று வாரப் பிரயாசையை வியர்த்தமாக்கிவிடக் கூடும். 1964-ல் மொனாக்கோ மைதானத்தில், இன்னும் ஒரு சுற்று பாக்கியிருப்பதை அறியாமல், பந்தயம் முடிந்துவிட்டதென்று எண்ணிப் பூலிடோர் வேகத்தைத் தளர்த்திவிட, அங்கே முதல்வராக வந்த ஆங்கெட்டிலுக்கு ஒரு நிமிஷம் சலுகையாகக் கிடைத்தது. பின்னர், புய் தெ தோம் என்னும் அவிந்த எரிமலையின் செங்குத்தான ஏற்றத்தில், இருவரும் முழங்கை உரசும்படி அருகருகே மிதித்து ஏறிய காட்சி மறக்கற்பாலதன்று. உச்சி நெருங்குகையில் பூலிடோர் பிரிந்து முன்னேறி, 56 விநாடியாயிருந்த இடைவெளியை 14 ஆகக் குறைத்தார். ஆயினும் பாரிஸில் வென்றவர் ஆங்கெட்டிலே; இறுதி வித்தியாசம் 55 விநாடி: மொனாக்கோவில் போன அந்த நிமிஷத்திலும் குறைவு! விவசாயக் குடும்பத்தில் பிறந்த பூலிடோர், மூன்று முறை இரண்டாவதாகவும் ஐந்து முறை மூன்றாவதாகவும் வந்தபோதிலும், மனம் சலியாமல் மறுபடியும் வந்து நின்றார். அந்தப் பொறுமையில் ஜனங்கள் தங்களையே கண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அதற்காக ஆங்கெட்டிலின் மேதையைக் குறைத்து மதிப்பது நியாயமன்று. பூலிடோர் மஞ்சள் சட்டையை ஒரு நாளேனும் அணிந்ததில்லை.