அறத்தின் வேர் எங்கே?

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலையில், பழங்குடி இளைஞர் ஒருவர் கூட்டத்தாரால் அடிக்கப்பட்டு மரித்தார். மனநலம் குன்றியவராய், காட்டிலே குகையில் தங்கியிருந்தவர் அவர். முக்காலியில் உள்ள கடைகளிலிருந்து அரிசியும் உணவுப் பொருள்களும் திருடினார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். காட்டுக்குள் தேடிச் சென்றவர்கள் அவருடைய கைகளைக் கட்டி, அடித்து, முக்காலிக்குக் கொண்டுவந்தார்கள். கட்டுண்டு நின்றவரோடு சேர்ந்து கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. காவல்துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டபின் மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவருடைய உயிர் பிரிந்தது.

வழக்கு விசாரணையில் இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தனர். எனினும் 2023 ஏப்ரல் 4 அன்று மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மறுநாள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இன்னும் சில சாட்சிகள் பிறழ்ந்து, அனைவரும் விடுதலையாகியிருந்தால் அச்செயல் நியாயமாகிவிடுமோ? ஆகாது என்றே எவரும் சொல்வர். அப்படியானால் அதைத் தீமையாக்கியது நீதிமன்றத் தீர்ப்பு அன்று; முன்னமே தீமையாயிருந்ததைத் தீர்ப்பு கண்டறிந்தது, அவ்வளவே. சமுதாயத்தின் ஒப்புதலே அறம் என்பாருக்கும் இடர்ப்பாடு உண்டு. அந்நாளில் அந்த இடத்தில் திரண்டிருந்த சமுதாயம் அக்கூட்டமே. அதற்குள் ஒப்புதலுக்குக் குறைவில்லை.

பரிணாம வளர்ச்சியில் விளைந்த உணர்வே அறம் என்பது மற்றொரு விளக்கம். இரக்கம் மனித இனத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதை அது ஓரளவு காட்டக்கூடும். ஆனால் அந்நியனைக் கூடி வேட்டையாடும் வெறியும் அதே வரலாற்றின் விளைவாகவே சொல்லப்படுகிறது. இவ்விரண்டில் எதற்குக் கீழ்ப்படியவேண்டும் என்பதை அவற்றின் பிறப்பு வரலாறு சொல்லாது.

அறம் வழங்கப்பட்ட சட்டத்திற்கு மேற்பட்டது என்பதை இடுக்கி மாவட்டத்தின் தமிழ்ப் பெண்கள் வேறொரு வகையில் உணர்த்தினர். 2015 செப்டம்பரில், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் வீதியில் அமர்ந்தனர். "பெம்பிளை ஒருமை" என்று அப்போராட்டம் அறியப்பட்டது. தங்களுக்குக் குறைவான தொகை கிடைத்தது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அது அநியாயம் என்றார்கள். சி. எஸ். லூயிஸ் 1941-இல் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய உரைகளில் இதையே சுட்டினார்: வழக்காடுகிற இருவரும், தாங்கள் இயற்றாத ஓர் அளவுகோலை முன்வைத்தே வழக்காடுகிறார்கள்.

ஆயினும் அந்த அளவுகோல் தேவனிடத்தில்தான் உள்ளது என்பதற்கு இது மட்டும் போதாது. பிறனுடைய வேதனையே போதிய காரணம், கடவுள் வேண்டியதில்லை என்று நிதானமாக வாதிடும் சிந்தனையாளர்கள் உண்டு. அவர்களை எள்ளி ஒதுக்குவது தகாது. பயனற்றவன், பைத்தியக்காரன், திருடன் என்று ஊரார் எண்ணிய ஒருவனுடைய மதிப்பு ஏன் ஒரு கடுகளவும் குறைவதில்லை என்பதே அவர்களிடம் கேட்கத்தக்கது. அவன் தேவசாயலாய்ச் சிருஷ்டிக்கப்பட்டவன் என்பது வேதாகமம் தரும் விடை. அம்மதிப்பை ஊர் கொடுக்கவில்லை. ஆகவே ஊரால் எடுத்துவிடவும் இயலாது.

பிளேட்டோவின் "யூத்திஃப்ரோ" நூலிலிருந்து வரும் பழைய வினா ஒன்று உண்டு: தேவன் கட்டளையிடுவதால் ஒன்று நன்மையாகிறதா, அல்லது நன்மையாயிருப்பதால் அவர் கட்டளையிடுகிறாரா? முந்தியது உண்மையானால் அறம் வெறும் விருப்பமாகிவிடும். பிந்தியதானால் அறம் தேவனுக்கும் மேலானதாகும். நன்மை தேவனுடைய சுபாவமே, அவருடைய கட்டளை அச்சுபாவத்தின் வெளிப்பாடு என்பது கிறிஸ்தவச் சிந்தனையாளர் பலர் அளிக்கும் மறுமொழி. சோதோமுக்காக மன்றாடிய ஆபிரகாம் அந்தச் சுபாவத்தையே பற்றிக்கொண்டு, சர்வலோகத்தின் நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்னும் பொருள்படத் துணிந்து கேட்டான்.

இவ்விடத்தில் விசுவாசிகள் அடிக்கடி இடறுகிறார்கள். அறத்தின் அடிப்படை தேவன் என்று சொல்வது, தேவனை நம்பாதவன் ஒழுக்கமற்றவன் என்று சொல்வதாகாது. மனிதனுக்குச் சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம் என்ற கேரளத்துச் சகோதரன் ஐயப்பன், 1917-இல் செறாயியில் தாழ்த்தப்பட்டோரோடு சமபந்தி உண்டு, அதனால் தம் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டார். அதே நாட்டில் தலித் விசுவாசிகளுக்குத் தனி ஆலயங்களைக் கட்டிவைத்த சபைகளும் இருந்தன. நியாயப்பிரமாணத்தைப் பெறாத புறஜாதியாரும் அதன் கிரியையைத் தங்கள் இருதயத்தில் எழுதப்பட்டதாகக் காட்டுகிறார்கள் என்பதே ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் பவுலின் கருத்து. அவ்வதிகாரத்தின் கடுமையான சொற்கள், அறிந்தும் செய்யாத மதப்பற்றாளர்மேலேயே விழுகின்றன. அட்டப்பாடி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் கடவுளை அறியாத ஊரில் வளர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் ஒரே மதத்தினரும் அல்லர்.

பசிக்காகத் திருடுகிறவனை இகழாதிருக்க நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் இடமளிக்கிறது. ஈடுசெய்யும் கடமையையும் அது விட்டுவிடவில்லை. யோபுவோ தன்னைத்தானே விசாரணைக்கு நிறுத்துகிறான். தன் ஊழியக்காரரின் வழக்கைத் தள்ளிவிட்டிருந்தால் தேவனுக்கு என்ன உத்தரவு சொல்வேன், என்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கினவரே அவர்களையும் உருவாக்கினார் அல்லவா என்பது அவன் வாதம். யோபு ஊத்ஸ் தேசத்தான். சீனாய் மலையின் கற்பலகைகளைப் பற்றி அவனுடைய புத்தகம் ஒன்றும் சொல்வதில்லை.