மோட்டார் போட்டால் விளக்கு மங்குவது ஏன்?

கேள்வி: வீட்டில் விளக்கு, மின்விசிறி, மோட்டார் எல்லாம் பக்க இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம்தான் என்கிறாள், பத்தாவது படிக்கும் என் மகள். அப்படியானால் 1 ஹெச்பி மோட்டாரைப் போட்டதும் குண்டு பல்பு ஏன் மங்குகிறது? அதுவும் நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு?
– வாசகி, சேத்தியாத்தோப்பு

பதில்: மகள் சொல்வது சரி. இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம்தான்; மோட்டார் கிளம்பும் நொடியில் அது இரண்டுக்கும் சேர்ந்தே குறைகிறது.

நெய்வேலியை விடுங்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்தொகுப்பில் கலந்து, துணை மின்நிலையம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தாண்டித்தான் உங்கள் தெருவுக்கு வருகிறது. பார்க்க வேண்டியது மீட்டரிலிருந்து போர்டு வரை வரும் கம்பியை. பக்க இணைப்பு போர்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கம்பி எல்லாச் சாதனங்களோடும் தொடரிணைப்பில் இருக்கிறது. மொத்த மின்னோட்டமும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். பாடப்புத்தகப் படத்தில் அந்தக் கம்பிக்கு மின்தடையே கிடையாது!

1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். மீட்டர் 30 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 60 மீட்டர், 0.7 ஓம். ஓடும்போது 6 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் கிளம்பும்போது 30 வரை இழுக்கும். பெருக்கிப் பாருங்கள்: 21 வோல்ட் கம்பியிலேயே போய்விடுகிறது. போர்டுக்கு வருவது 230 அல்ல, 209. மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கும். எல்இடி மாட்டினால் மங்கல் தெரியாமல் போகலாம். அதன் உள்சுற்று வெளிச்சத்தைச் சமாளித்துவிடும். கம்பி சூடாவது மட்டும் நிற்காது. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

ஃபியூஸும் அந்தப் பொதுப் பாதையில்தான் இருக்கிறது. பழைய வீடென்றால் பீங்கான் கேரியராக இருக்கும். மோட்டார் போடும்போதெல்லாம் ஃபியூஸ் போகிறதே என்று அதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் சுவருக்குள் இருக்கும் வயர்தான் ஃபியூஸ்!

மோட்டாருக்கு மீட்டர் பக்கத்து மெயினிலிருந்தே 4 சதுர மி.மீ. கம்பியில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். பிறகும் விளக்கு மங்கினால் கோளாறு மீட்டருக்கு முன்னால், சர்வீஸ் வயரிலோ தளர்ந்த இணைப்பிலோ இருக்கலாம். அதை ஈபி ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.