பாடம் 9: கூர் மழுங்காத உளி

நுழையும் முன்

மோரைக் கடைவதும் கடைதல். எந்திரத்தில் சுழலும் இரும்பைச் சீவி உருவாக்குவதும் கடைதல். லேத்து எனப் பட்டறையில் வழங்கும் எந்திரத்தைக் கடைசல் எந்திரம் என்கிறோம். மிதிவண்டியின் அச்சும் தொடர்வண்டியின் சக்கரமும் அதில் கடைந்து எடுக்கப்படுபவையே. இரும்பை வெட்டும் உளியும் இரும்பால் ஆனதே என்றால், அது எவ்வாறு தேயாமல் நிற்கிறது? அந்த வினாவுக்கு விடை தேடியோரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

வெப்பம் என்னும் பகை

உளி உலோகத்தைச் சீவும்போது அதன் முனையில் கடும் வெப்பம் உண்டாகிறது. வேகம் கூடக்கூட வெப்பமும் கூடும். பழங்காலத்து உளிகள் கரிம எஃகால் ஆனவை. ஏறத்தாழ 200 முதல் 250 பாகை செல்சியசு வெப்பத்தைத் தாண்டினால் அவை தம் கடினத்தன்மையை இழந்து மழுங்கிவிடும். ஆதலால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்திலேயே எஃகைக் கடைய முடிந்தது. உளியை அடிக்கடி கழற்றிச் சாணை பிடிக்கவும் வேண்டியிருந்தது. 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் மசெட் என்பவர் எஃகுடன் டங்ஸ்டன் கலந்து மேம்பட்ட உளி எஃகை உருவாக்கினார். நீரில் தோய்க்காமல் காற்றிலேயே குளிரவிட்டாலும் அது கடினமாயிற்று.

தோல்வி காட்டிய வழி

அமெரிக்காவில் பிரெடெரிக் வின்சுலோ டெய்லர் என்னும் பொறியாளர் 1880ஆம் ஆண்டு முதல் உலோகம் வெட்டும் கலையை ஆராய்ந்து வந்தார். 1898ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லகேம் எஃகு ஆலையில் பணியேற்றார். ஒருவகை எஃகே சிறந்தது எனத் தேர்ந்தெடுத்து, அதனால் செய்த உளிகளை ஆலையில் பலர் முன்னிலையில் சோதித்துக் காட்டினார். அவ்வுளிகளோ மற்றவற்றைவிட மோசமாக உழைத்தன. டெய்லர் நாணமுற்றார், ஆயினும் சோர்ந்துவிடவில்லை. உளிகளைக் காய்ச்சும்போது வெப்பம் மிகுந்து அவை கெட்டிருக்கலாம் என ஐயுற்றார்.

எஃகைக் கோவைப்பழச் சிவப்புக்கு மேல் காய்ச்சினால் உளி கெட்டுவிடும் என்பது கொல்லர் பலரின் நம்பிக்கை. அதனை அப்படியே ஏற்காமலும், பொய்யென ஒதுக்காமலும், டெய்லரும் உலோகவியலாளர் மான்செல் ஒயிட்டும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் உளிகளைக் காய்ச்சிச் சோதித்தனர். ஏறத்தாழ 850 முதல் 930 பாகை வரை காய்ச்சிய உளிகள் கெட்டன. கொல்லர் கூற்று அதுவரையில் சரியே. ஆனால் அதற்கும் மேலே, உருகும் நிலையை நெருங்கும்வரை காய்ச்சியபோது, குரோமியமும் டங்ஸ்டனும் கலந்த உளிகள் முன்னிலும் பன்மடங்கு உழைத்தன! பட்டறிவு நின்ற இடத்திற்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைத்ததே அவர்கள் செய்த புதுமை.

1900ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் இவ்வுளிகள் முனை செந்நிறமாய்க் கனல, நீலநிறச் சீவல்கள் சுருண்டு விழ, தளராமல் எஃகை வெட்டின. பார்த்தோர் வியந்தனர். இவ்வழியில் பிறந்ததே அதிவேக எஃகு. அது ஏறத்தாழ 600 பாகை வரை தன் கடினத்தன்மையைக் காக்கும்.

மின்விளக்கு தந்த கொடை

அடுத்த பாய்ச்சல் செருமனியில் நிகழ்ந்தது. மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை மெல்லிய கம்பியாய் இழுப்பதற்கு வைரத்தாலான அச்சுகள் தேவைப்பட்டன. வைரமோ விலை மிகுந்தது. அதற்கு மாற்றுத் தேடிய ஒசுராம் நிறுவனத்தில், 1923ஆம் ஆண்டு காரல் சுரோட்டர் என்பவர் டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டுடன் கலந்து, அழுத்திச் சுட்டுக் கடும்பொருள் ஒன்றை உருவாக்கினார். குருப் நிறுவனம் அதனை 'விடியா' என்னும் பெயரில் விற்றது. 'வைரம் போன்றது' என்பது அச்செருமன் பெயரின் பொருள்.

இன்று கார்பைடு சிறு வில்லைகளாக வருகிறது. உளித்தண்டின் நுனியில் வில்லையைத் திருகாணியால் பொருத்துவர். ஒரு விளிம்பு மழுங்கினால் வில்லையைத் திருப்பி மறு விளிம்பைப் பயன்படுத்துவர். சாணை பிடிக்கும் நேரம் மிச்சமாகிறது. 1969ஆம் ஆண்டு முதல், தலைமுடியினும் மெல்லிய டைட்டானியம் கார்பைடுப் பூச்சுடைய வில்லைகளும் விற்பனைக்கு வந்தன.

கணக்கிட்டு அறிவோம்

100 மில்லிமீட்டர் விட்டமும் 500 மில்லிமீட்டர் நீளமும் உடைய எஃகுத் தண்டு ஒன்றைக் கடைய வேண்டும். தண்டு ஒருமுறை சுழலும்போது உளி 0.25 மில்லிமீட்டர் நகர்கிறது எனில், தண்டு 2000 முறை சுழல வேண்டும். உளியின் முனை வெட்டிச் செல்லும் தொலைவு ஏறத்தாழ 628 மீட்டர்.

கரிம எஃகு: நிமிடத்திற்கு 5 மீட்டர், ஏறத்தாழ 126 நிமிடம்.
அதிவேக எஃகு: நிமிடத்திற்கு 20 மீட்டர், ஏறத்தாழ 31 நிமிடம்.
கார்பைடு: நிமிடத்திற்கு 100 மீட்டர், ஏறத்தாழ 6 நிமிடம்.

ஆயினும் வேகத்திற்கு எல்லை உண்டு. அதிவேக எஃகு உளியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், அதன் ஆயுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். வேகத்திற்கும் ஆயுளுக்கும் உள்ள இத்தொடர்பை டெய்லர் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நீண்ட ஆய்வுரையில் விளக்கினார்.

உளியும் மனிதனும்

உளியை அளந்த டெய்லர், உழைப்பாளரின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் கொண்டு அளக்கும் முறையையும் பரப்பினார். அம்முறையைப் பின்பற்றிய வாட்டர்டவுன் அரசுப் படைக்கலச் சாலையில், 1911ஆம் ஆண்டு, கடிகார அளவீட்டுக்கு உடன்பட மறுத்த வார்ப்புத் தொழிலாளி ஒருவர் நீக்கப்பட்டார். உடன் உழைத்தோர் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 1915ஆம் ஆண்டில் படைத்துறைத் தொழிற்சாலைகளில் கடிகார அளவீட்டுக்குப் பணம் செலவிடுவதைத் தடை செய்தது. மழுங்கிய உளியை மாற்றிக்கொள்ளலாம். களைத்த மனிதரை அவ்வாறு கருதலாகாது. விரைவு வேண்டும், அவ்விரைவின் பயன் எந்திரத்தின் முன் நிற்பவரையும் சேர வேண்டும்.

சொல்லும் பொருளும்

சாணை பிடித்தல் – தேய்த்துக் கூராக்குதல்
சீவல் – வெட்டும்போது சுருண்டு விழும் உலோகத் துண்டு
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
வார்ப்பு – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்தல்

பயிற்சி

1. கரிம எஃகு உளியை மிகு வேகத்தில் பயன்படுத்த முடியாதது ஏன்?
2. கொல்லரின் நம்பிக்கை எந்த அளவில் சரியானது? எவ்விடத்தில் தவறியது?
3. நிமிடத்திற்கு 40 மீட்டர் வேகத்தில் மேற்கண்ட தண்டைக் கடைய எவ்வளவு நேரம் ஆகும்?
4. 'கடை' என்னும் வினையடியைக் கொண்டு மூன்று தொடர்கள் எழுதுக.
5. உங்கள் ஊரில் உள்ள பட்டறை ஒன்றைப் பெரியவர் துணையுடன் கண்டு, அங்கு வழங்கும் கருவிப் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் பட்டியலிடுக.