“சென்ட்ரலுக்குப் பத்து நிமிஷம் சார்!”

வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் வட்டாரத்தில் வீடு வாங்குகிறவர், விற்கிறவர், இடையில் நின்று கமிஷன் வாங்குகிற தரகர் என மூவரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள்: “சென்ட்ரலுக்குப் பத்து நிமிஷம் சார்!” புளியந்தோப்பு அடுக்குமாடிக்கும் இதே பத்து நிமிஷம், வியாசர்பாடி தனிவீட்டுக்கும் இதே, கொருக்குப்பேட்டை சந்து வீட்டுக்கும் இதே. ரயில் இயக்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்பிக்கை: பேசின் பிரிட்ஜிலிருந்து சென்ட்ரல் பத்தே நிமிஷம், அதனால் எங்கே வேலை என்றாலும் கவலையில்லை.

உண்மை: ரயில் பாதையில் தூரம் சுமார் 2 கி.மீ.தான். அதை யார் மறுத்தார்கள்? அந்த 2 கி.மீ.தான் சென்னையின் தொண்டைக்குழி. அரக்கோணம் பக்கத்து வண்டிகளும் கும்மிடிப்பூண்டி பக்கத்து வண்டிகளும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. பராமரிப்புப் பணிமனைக்குப் போய்வரும் காலி வண்டிகளும் இதே இடத்தில்தான் நகர வேண்டும். உள்ளே நடைமேடை காலியாகும்வரை வெளியே சிக்னல் சிவப்புதான். நம்பாதவர்கள் கால அட்டவணையைப் புரட்டுங்கள். பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு வந்து சேரும் விரைவு வண்டிகளுக்கு, அதே தூரத்தை எதிர்த்திசையில் ஓடுவதற்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். காத்திருக்க வேண்டிவரும் என்று ரயில்வேயே எழுதி வைத்திருக்கிறது. தரகர் மட்டும் இல்லை என்கிறார்.

சரி, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை 12 நிமிடம். நடைமேம்பாலம் ஏறி இறங்கி, வண்டிக்குக் காத்திருக்க 10. சிக்னலில் நிற்பதையும் சேர்த்து, சென்ட்ரலின் புறநகர் நிலையமான மூர் மார்க்கெட் வளாகம் போய்ச்சேர 8. சென்ட்ரலுக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது, கவனித்தீர்களா? இனிமேல்தான் மெட்ரோவுக்கு இறங்கிக் காத்திருக்க 13, கிண்டி போக 20, அங்கிருந்து அலுவலகத்துக்கு 12. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றேகால். சென்ட்ரல் வாசலிலேயே உங்களுக்கு வேலை இல்லையென்றால், சென்ட்ரல்வரை எத்தனை நிமிஷம் என்ற பேச்சு எதற்கு?

சாலை வழி இன்னும் மோசம். தண்டவாளமும் யார்டும் பக்கிங்காம் கால்வாயும் இந்தப் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குப் போகப் பாலமோ சுரங்கப்பாதையோ கேட்டோ தேட வேண்டும். வால்டாக்ஸ் சாலையைச் சூளை, வேப்பேரிப் பக்கத்தோடு இணைக்கும் யானைகவுனி பாலத்தை இடித்துக் கட்டியபோது ஆண்டுக்கணக்கில் சுற்றிப் போனார்களே, அப்போது வீடுகள் நகர்ந்துவிட்டனவா? தூரம் அப்படியேதான் இருந்தது, நேரம்தான் மாறியது. கனமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ஓட்டேரி நல்லா என்ற ஓடை பக்கிங்காம் கால்வாயில் வந்து விழும் தாழ்வான பகுதி இது. நிற்காமல் என்ன செய்யும்? சரக்கு வண்டி வந்தால் கொருக்குப்பேட்டை கேட் எப்போது திறக்கும் என்று கேட்கீப்பராலும் சொல்ல முடியாது. பயண நேரம் என்றால் மோசமான நாளில் ஆகும் நேரம். நல்ல நாளில் ஆகும் நேரத்தை விளம்பரக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

நம்பிக்கை: வடசென்னைக்குத்தான் மெட்ரோ வந்துவிட்டதே!

உண்மை: வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு நல்ல காலம். பேசின் பிரிட்ஜில் மெட்ரோ நிலையம் இல்லை. வண்ணாரப்பேட்டைக்கோ சென்ட்ரலுக்கோ போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் பயணத்தையும் கணக்கில் சேருங்கள்.

நம்பிக்கை: பறக்கும் சாலை வரப்போகிறது, இப்போதே வாங்கிப் போடு.

உண்மை: துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022 மே மாதம், இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். முதல் அடிக்கல்லை நம்பி வீடு வாங்கியவரின் பிள்ளை அதற்குள் கல்லூரிக்கே போயிருப்பான். வண்டி ஓடாத சாலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: விலை மலிவு, அலைச்சல் போகப் போகப் பழகிவிடும்.

உண்மை: ஜெர்மனி மக்களின் வாழ்க்கைத் திருப்தி பற்றிய தரவுகளை ஆராய்ந்து, புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டுட்ஸர் என்ற பொருளியலாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்கு நெடும்பயணம் போகிறவர்களின் திருப்தி குறைவாகவே இருந்தது. மலிவான வீடும் கூடுதல் சம்பளமும் அதை ஈடுகட்டவில்லை. பழகாமல் விற்றுவிட்டு வேறு வீடு வாங்கினால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் மறுபடி கட்ட வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அது 5.4 லட்சம்.

நம்பிக்கை: பேசின் பிரிட்ஜ் வீட்டை யார் வாங்குவார்? வந்த விலைக்குத் தள்ளிவிடு.

உண்மை: இது விற்கிறவர்களின் மடமை. பேசின் பிரிட்ஜ் ஒரு சந்திப்பு. காலையில் ஊரே சென்ட்ரலை நோக்கி நெருக்கியடித்து வரும்போது, பெரம்பூர் ஐ.சி.எஃப்., அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி தொழிற்சாலைகள், எண்ணூர், மீஞ்சூர் என்று வேலைக்குப் போகிறவர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், வண்டி மாறாமல் போகலாம். சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்பவருக்கும் ஸ்டான்லி மருத்துவமனை ஊழியருக்கும் இது பக்கத்து வீடு. அவர்களைத் தேடி விற்காமல், தொலைவிலுள்ள ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. ஊழியரிடம் பேரம் பேசி விலையைக் குறைத்துக்கொள்வது யார் குற்றம்?

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வீடு பார்க்காதீர்கள். திங்கட்கிழமை காலை அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, உங்கள் அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை நேரம் குறியுங்கள். மாலையில் திரும்பி வாருங்கள். அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் இருவர் என்றால் இருவரும் போக வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானில் வீட்டு விளம்பரத்தில் ஸ்டேஷனுக்கு ‘நடந்து இத்தனை நிமிடம்’ என்று போட்டால், 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்றுதான் கணக்கிட வேண்டும். மிச்ச மீட்டர் இருந்தால் அதையும் ஒரு முழு நிமிடமாகச் சேர்க்க வேண்டும். 2022இல் திருத்திய விதிப்படி ரயில் பயணத்துக்கு நெரிசல் நேரத்தில் ஆகும் நேரத்தையும், வண்டி மாறும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மிடம் ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தர அதன் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. பயண நேரத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று தமிழ்நாடு ரெரா ஆணையம் ஒரே ஒரு பக்கத்தில் விதி எழுதட்டும். அதுவரை “பத்து நிமிஷம்” என்று சொல்லும் தரகரைக் காலை எட்டரை மணிக்கு உங்களோடு வண்டியேறக் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.