மூலபாடம் அச்சான கணிப்பொறி

செல்லரித்த ஏட்டில் எழுத்துச் சிதைந்திருப்பின், அறிஞர் வெறும் ஊகத்தால் அவ்விடத்தை நிரப்பார். வேறொரு படியோடு ஒப்புநோக்கிப் பாடம் காண்பர். பழைய கணிப்பொறியின் தாய்ப்பலகையைப் பழுது நீக்குவோர் நெறியும் இதுவே. 1981 ஆகஸ்டு 12-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகம் செய்த 5150 என்னும் கணிப்பொறியை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

விசையை அழுத்தியதும் விசிறி சற்றே அசைந்து நின்றுவிடுகிறது. திரை இருண்டே கிடக்கிறது. மூளையாகிய 8088 சில்லு மாண்டதென உடனே தீர்ப்பளிப்பது பிழை. முதலில் ஐயுற வேண்டியது, பயறுபோல் சிறுத்த டான்டலம் மின்தேக்கியையே. முதுமையில் அதனுள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் முறிந்தால், மின்னோட்டம் தடையின்றிப் பாயும் குறுக்குவழியாக அது மாறிவிடும். மின்வழங்கியோ தற்காப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். பார்ப்பவர்க்கு மின்வழங்கி கெட்டதாகத் தோன்றும், கெட்டதோ பிறிதொன்று!

மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்தபின், செருகு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. குற்றம் அட்டையில் இருத்தலும் உண்டு. பின்னர்ப் பலகையின் 12 வோல்ட் வழிக்கும் தரைக்கும் இடையே மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அளவு சுழியை ஒட்டி நின்றால், அவ்வழியிலுள்ள மின்தேக்கிகளின் ஒரு காலை மட்டும் ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்க. எதனை விடுவித்ததும் அளவு உயர்கிறதோ, அதுவே கள்வன். அதே கொள்ளளவும், 25 வோல்ட் தாங்கும் வலிமையும் உடைய புதியதைப் பொருத்தலாம். நேர்முனை எதிர்முனை மாறினால் அது வெடிக்கும். இதில் அவசரம் ஆகாது.

எந்த மின்தேக்கி எவ்வழியில் உள்ளது என்பதை எங்ஙனம் அறிவது? இங்கேதான் மூலபாடம் துணைசெய்கிறது. இப்பொறியின் தொழில்நுட்பக் கையேட்டில் சுற்றுப்படம் முழுவதையும், அடிப்படை நிரலின் ஒவ்வொரு வரியையும் ஐ.பி.எம். அச்சிட்டு விற்றது. பிற நிறுவனத்தார் துணைக்கருவிகள் செய்ய அது வழிதிறந்தது. பழுது நீக்குவோர்க்கோ நாற்பதாண்டு கடந்தும் அதுவே கைவிளக்கு. இன்றைய கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றின் சுற்றுப்படம் வாங்கியவர் கண்ணில் படுவதேயில்லை.

மின்சாரம் சீரானபின் 201 என்னும் எண் திரையில் தோன்றினால், பழுது நினைவகத்தில் என்பது பொருள். அதற்குமுன் நிற்கும் நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு வரிசையையும், அடுத்த இரண்டு அவ்வரிசையில் கெட்ட சில்லையும் சுட்டும். வரிசைக்கு ஒன்பது சில்லுகள். எட்டு தரவுக்கு, ஒன்று பிழை காண.

ஆயின் முதல் வரிசையே கெட்டிருந்தால் பொறி வாய்திறவாது, எண்ணும் தோன்றாது. மற்ற வரிசைச் சில்லுகள் தாங்கிகளில் செருகப்பட்டிருக்க, பழைய பலகைகளில் இவ்வரிசை மட்டும் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டுள்ளது. சில்லை முழுதாகப் பெயர்க்க முயன்றால் பலகையின் செப்புத்தடம் உரிந்துவிடும். எனவே கால்களை நறுக்கி உடலை முதலில் நீக்கி, எஞ்சிய கால்களை ஒவ்வொன்றாக இளக்கி எடுப்பர். அவ்விடத்தில் சில்லை நேரே பற்றவைக்காமல் ஒரு தாங்கியைப் பொருத்துவர். அடுத்து வருபவர் ஈயத்தைத் தொடாமலே மாற்றிக்கொள்ளலாம்.