இறைச்சிக் காடையை எந்த வயதில் விற்பது?

சாரல் விழும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலத்திற்குத் திரளும் கூட்டம் நாம் அறிந்ததே. தென்காசி முதல் செங்கோட்டையை அடுத்த பிரானூர் வரை உள்ள உணவுக் கடைகளில் பரோட்டாவுடன் கோழி வறுவலும் காடை வறுவலும் இரவு வரை விலைபோகின்றன. இக்கடைகளுக்குக் காடை வளர்த்துக் கொடுக்கும் குடியானவர், பறவையை எத்தனையாம் நாளில் விற்பது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஒரு வாரம் முந்தினால் பறவையில் சதை இராது. ஒரு வாரம் பிந்தினால் இலாபத்தைப் பறவையே தின்றுவிடும்.

இங்குக் கூறப்படுவது ஜப்பானியக் காடை. இது 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரப் பிரதேசத்து இஸத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. நம் வயற்காட்டில் திரியும் காடையைப் பிடிப்பதும் விற்பதும் 1972 ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

முட்டை பொரிந்த அன்று காடைக் குஞ்சின் எடை 8 கிராம் அளவே. நான்கு வாரத்தில் ஏறத்தாழ 150 கிராமும், ஐந்து வாரத்தில் 180 முதல் 200 கிராமும் ஆகிறது. அதுவரை அது தின்னும் தீனி அரைக்கிலோ அளவுதான். அதன் பின்னரே கணக்கு மாறுகிறது. நான்காம் வாரத்தில் 100 கிராமுக்குச் சற்று மிகுதியாகத் தின்று 40 கிராம் வரை எடை கூடிய பறவை, ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு 25 கிராம் வீதம் 175 கிராம் தின்று 20 கிராம் அளவே கூடுகிறது. தீனி கிலோ 40 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், அவ்வொரு வாரத்திற்குப் பறவை ஒன்றுக்குச் செலவு 7 ரூபாய். ஆயிரம் பறவைக்கு 7,000 ரூபாய்! கடைக்காரரோ பெரும்பாலும் காடையை எடைபோட்டு வாங்குவதில்லை, எண்ணித்தான் வாங்குகிறார். கூடிய 20 கிராமுக்கு அவர் காசு தரப்போவதில்லை.

எடைக்கு விற்போரும் ஏமாறலாகாது. பெட்டைக் காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அதற்கு முன் அதன் உடலில் ஏறும் எடையில் பெரும்பங்கு கருவகமும் முட்டைக்குழலுமே. அறுத்துச் சுத்தம் செய்கையில் அவை கழிவாகப் போய்விடும். சேவலோ அவ்வயதில் கூவவும் தன் இனத்தைக் கொத்தவும் தலைப்படும். காயம்பட்ட பறவையைக் கடைக்காரர் ஒதுக்குவார். மூன்றாம் வாரத்திலேயே இரண்டையும் இனங்காணலாம்: சேவலின் மார்பு புள்ளியற்ற செம்பழுப்பு, பெட்டையின் மார்பில் கரும்புள்ளிகள் உண்டு.

அப்படியானால் நான்கு வாரத்திலேயே விற்றுவிடலாமே என்பர் சிலர். அப்போது சுத்தம் செய்த இறைச்சி 100 கிராம் அளவே தேறும். குஞ்சின் விலையும் குஞ்சுக்கு வெப்பமூட்டும் விளக்குச் செலவும் ஏற்கெனவே முடிந்துவிட்ட நிலையில், ஐந்தாம் வாரத்துச் சதை தீனிச் செலவோடு மட்டும் கிடைப்பது; அதை விடுவது சிக்கனமன்று. வாங்குவோர் விரும்பும் குறைந்த எடையை முன்னரே கேட்டறிந்து, 32 முதல் 35 நாளுக்குள் விற்பதே எம் கருத்தில் சிறந்தது.

ஆயினும் நாட்காட்டியை மட்டும் நம்பலாகாது. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. சாரல் காற்று கொட்டகைக்குள் புகுந்து கூளம் நனைந்தால், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கும். மடிவது போக எஞ்சியவையும் வளர்ச்சி குன்றும். அத்தகைய கூட்டம் 35 ஆம் நாளில் எடைக்கு வராது. ஆகவே நான்காம் வார முடிவிலிருந்து மூன்று நாளுக்கொரு முறை, காலையில் தீனி வைக்குமுன், கொட்டகையின் பல மூலைகளிலிருந்தும் பத்துச் சேவல், பத்துப் பெட்டை பிடித்து நிறுத்துச் சராசரி காணவேண்டும். சிறு தராசு ஒன்றை ஊராட்சி உறுப்பினர்கள் முயன்று வளர்ப்போர் குழுவுக்குப் பொதுவாக வாங்கித் தரலாம்.

ஜூன் நடுவில் முதல் விற்பனை வேண்டுமானால் வைகாசித் தொடக்கத்தில் குஞ்சு இறக்கவேண்டும். பொரிக்க 17, 18 நாள் ஆவதால், பொரிப்பகத்தில் சித்திரை நடுவிலேயே சொல்லிவைத்தல் நலம். மொத்தமாக இறக்காமல் வாரம் ஒரு தொகுதியாக இறக்குக. அருவியில் நீர் குறைந்து கூட்டம் மெலிந்தால் அடுத்த தொகுதியை நிறுத்திக்கொள்ளலாம். புரட்டாசியில் புலால் உண்பார் குறைவு. கார்த்திகை, மார்கழியில் குற்றாலத்தில் மீண்டும் கூட்டம் உண்டு. ஆனால் அவர்கள் மாலையணிந்து சபரிமலை செல்லும் விரதக்காரர்கள். அக்கூட்டத்தை எண்ணிக் குஞ்சு இறக்குதல் வேண்டாம். விலைபோகாது நின்ற பெட்டைகளை முட்டைக்கு விடலாம். சேவல்களை மட்டும் கிடைத்த விலைக்கு அந்த வாரமே தள்ளிவிடுக.